துரு நோய்க்கு ‘அதிசய மருந்து’: ஓர் உரக்கடைக்காரரின் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் அண்மையில் ‘பயிருக்குத் தோழன், பூஞ்சாணத்துக்கு எமன்’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை வந்தது. இலையில் துருப்போல் பொடி படிகிற துரு நோயை, பயிருக்குத் துளியும் தீங்கில்லாமல் நிறுத்துகிற ஒரு மருந்தைப் பற்றியது அது. நான் வேலூர் மாவட்டம் பள்ளிகொண்டாவில் உரமும் பயிர் மருந்தும் விற்கும் கடைக்காரன். அந்தக் கட்டுரையைக் கத்தரித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அணைக்கட்டு, ஒடுகத்தூர், விரிஞ்சிபுரம் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். “இந்த மருந்து வந்துவிட்டதா, அண்ணா?” என்று கேட்கிறார்கள். இல்லை என்று சொன்னால் நம்புவதில்லை. “வேண்டியவர்களுக்கு மட்டும் எடுத்துக் கொடுக்கிறீர்களோ?” என்று ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டே போய்விட்டார். மல்லாட்டை (நிலக்கடலை) விதைப்பதிலிருந்து பிடுங்குவது வரை என் கடைப் படியைத் தவிர வேறு படி ஏறாதவர் அவர். ஆகவே இந்தக் கடிதம் கொஞ்சம் சூடாகவும் கொஞ்சம் நீளமாகவும்தான் இருக்கும். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். கணக்கு வருகிற பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

கட்டுரை பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அதில் உள்ள அறிவியல் பெரும்பாலும் சரி. ஆனால் 1985-இல் நடந்த ஆய்வை நேற்று நடந்ததுபோல் எழுதிவிட்டீர்கள். பீன்ஸ் இலையில் செய்த சோதனைக்கு மல்லாட்டை இலையின் படத்தைப் போட்டுவிட்டீர்கள். போதாததற்கு, ‘பன்னாட்டு நிறுவனங்கள் மூடி மறைத்த கண்டுபிடிப்பு’ என்று பெட்டிச் செய்தி வேறு. இந்தப் பெட்டிதான் எங்கள் பக்கத்தில் தீயாகப் பரவியது.

இதெல்லாம் கடைக்காரனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வேலூரில் தாவரவியல் பட்டம் படித்தவன் நான். வேலை கிடைக்காததால் கடை வைத்தேன். என் மகள் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் பயிர் நோயியல் படித்தவள். கட்டுரையைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பினேன். “அப்பா, இது நான் பிறப்பதற்கு முந்தைய சங்கதி” என்று சொல்லி, மூல ஆய்வுக் கட்டுரைகள் இரண்டையும் அனுப்பிவைத்தாள். இரவில் கடையைச் சாத்திவிட்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். புரியாத இடங்களில் அவளைத் தொலைபேசியில் தொல்லைப்படுத்தினேன்.

படித்துப் புரிந்துகொண்டதை என் வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன்.

உயிருள்ள எல்லாவற்றின் செல்லுக்குள்ளும் பாலிஅமைன்கள் என்ற சின்னஞ்சிறு மூலக்கூறுகள் உண்டு. பியூட்ரெசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் ஆகியவை முக்கியமானவை. அழுகிய இறைச்சியிலிருந்து பியூட்ரெசினை 1885-இல் பிரித்தெடுத்தவர் லுட்விக் பிரீகர் என்ற ஜெர்மானிய மருத்துவர். அழுகலில் கண்டெடுத்தாலும் அது உயிர் வளர்வதற்கு வேண்டிய பொருள். இந்த மூலக்கூறுகளுக்கு நேர் மின்னூட்டம் உண்டு, டி.என்.ஏ.வுக்கும் ஆர்.என்.ஏ.வுக்கும் எதிர் மின்னூட்டம். ஆகவே அவற்றோடு ஒட்டிக்கொண்டு, செல் பிரிவதற்கும் புரதம் உண்டாவதற்கும் துணை செய்கின்றன. பாலிஅமைன் இல்லாவிட்டால் செல் உடனே சாகாது, வளர்ச்சி நின்றுபோகும். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

செடிக்குள் பியூட்ரெசின் உண்டாக இரண்டு வழிகள். ஆர்னிதைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஒரு நொதி அதை உண்டாக்கும். அர்ஜினைன் என்ற இன்னொரு அமினோ அமிலத்திலிருந்து வேறொரு நொதி உண்டாக்கும். பூஞ்சாணங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆர்னிதைன் வழி மட்டும்தான். காட்பாடி ரயில்வே மேம்பாலத்தைப் பழுதுபார்க்க மூடியபோது வேலூர்க்காரர்கள் சுற்றுவழி தேடிப் போய்ச் சேர்ந்தார்கள் அல்லவா? செடிக்கு அப்படி ஒரு சுற்றுவழி உண்டு. பூஞ்சாணத்துக்குப் பாலம் ஒன்றே ஒன்று.

அந்த ஒற்றைப் பாலத்தை மூடுகிற பொருளின் பெயர் டைஃபுளோரோமெத்தில் ஆர்னிதைன்; சுருக்கமாக டி.எஃப்.எம்.ஓ. உருவத்தில் ஆர்னிதைனைப் போலவே இருக்கும். நொதி ஏமாந்து அதைப் பிடித்து வேலையைத் தொடங்கும். பாதி வேலையில் அதிலிருந்து ஃபுளூரின் கழன்று, மிச்சப் பகுதி நொதியோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்ளும். அதோடு அந்த நொதியின் கதை முடிந்தது. தன் கையாலேயே தன்னை முடித்துக்கொள்வதால் இத்தகைய பொருள்களைத் தற்கொலைத் தடுப்பான்கள் என்கிறார்கள். இதைச் செய்தவர்கள் உழவுக்காகச் செய்யவில்லை. 1970-களின் கடைசியில், மனித நோய்களை, குறிப்பாகப் புற்றுநோயை மனத்தில் வைத்து உருவாக்கியது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் கால்ஸ்டன் என்ற தாவரவியலாளரின் ஆய்வகத்தில், நம் நாட்டிலிருந்து போன எம்.வி.ராஜம் என்ற ஆய்வாளர் இதைப் பூஞ்சாணங்கள்மீது சோதித்துப் பார்த்தார். நான்கு பூஞ்சாணங்கள்: பழங்களில் சாம்பல் நிற அழுகலை உண்டாக்கும் பாட்ரிடிஸ் வகையில் இரண்டு, பீச் பழத்தை அழுகவைக்கும் மோனிலினியா, நான்காவது ரைசோக்டோனியா சொலானி. இந்தக் கடைசிப் பெயர் நம் நெல் விவசாயிகளுக்கு அறிமுகம் இல்லாவிட்டாலும் அதன் வேலை நன்றாகவே அறிமுகம். தூர் கட்டிய பயிரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, இலையுறையில் பச்சையும் சாம்பலுமாகப் படை படையாகப் பிடித்து மேலே ஏறுகிறதே, அந்த இலையுறை கருகல் அதனுடைய கைவரிசைதான். கட்டுரை எழுதியவர் இதை விட்டுவிட்டு எங்கோ உள்ள துருவைப் பிடித்துக்கொண்டது எனக்கு வியப்பு.

ஆய்வகத் தட்டில் அகார் என்ற கூழ்போன்ற ஊட்டத்தை ஊற்றி, அதில் 0.1, 0.5, 1.0 மில்லிமோலார் (கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு) என்ற அளவுகளில் தடுப்பானைக் கலந்து, பூஞ்சாணத்தை வளரவிட்டார்கள். இழைகளின் வளர்ச்சி வெகுவாகக் குறைந்தது. செல்களின் அளவு சுருங்கியது, இழையின் வடிவமே மாறியது. அர்ஜினைன் வழியை அடைக்கிற டி.எஃப்.எம்.ஏ. என்ற இன்னொரு தடுப்பானையும் போட்டுப் பார்த்தார்கள். அந்த வழியே இல்லாத பூஞ்சாணத்தை அது ஒன்றும் செய்யக் கூடாது அல்லவா? ஆனால் அதுவும் வளர்ச்சியைக் குறைத்தது, முதலாவதைவிடப் பொதுவாகச் சற்றுக் குறைவாக. பூஞ்சாணத்துக்குள் இருக்கும் அர்ஜினேஸ் என்ற நொதி அதை டி.எஃப்.எம்.ஓ.வாக மாற்றிவிட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். தன்னை நிறுத்துகிற மருந்தைப் பூஞ்சாணம் தானே தயாரித்துக்கொள்கிறது! இந்த இடத்தைப் படித்தபோது என்னையறியாமல் சிரித்துவிட்டேன்.

இப்போது தங்கள் கட்டுரையில் வராத பகுதி. அதே தட்டில் தடுப்பானோடு பியூட்ரெசினையோ ஸ்பெர்மிடினையோ சேர்த்துப் போட்டால் என்ன ஆகும்? பூஞ்சாணம் மறுபடி வளர்ந்தது. பாட்ரிடிஸ் ஒன்றிலும் மோனிலினியாவிலும், எதுவுமே கலக்காத வெறும் தட்டில் வளர்ந்ததைவிட அதிகமாகவே வளர்ந்தது. நான்கு பூஞ்சாணங்களும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு போக்கு. பாலிஅமைன் வெளியிலிருந்து கிடைத்தால் பூஞ்சாணம் அதை எடுத்துக்கொண்டு பிழைக்கும் என்பதுதான் இதற்குப் பொருள். பயிரின் சாற்றில் பாலிஅமைன் இருக்கிறது. தட்டில் நடந்ததை வயலில் எதிர்பார்ப்பவர்கள் யோசிக்க வேண்டிய முதல் விஷயம் இது.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தங்கள் கட்டுரை வந்த சில நாள்களுக்குள் ஒரு விற்பனைப் பிரதிநிதி என் கடைக்கு வந்தார். பையிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். பயிர் வளர்ச்சி டானிக். லேபிளில் ‘பாலிஅமைன் செறிந்தது’ என்று கொட்டை எழுத்து. “பேப்பரில் வந்த அதே மருந்துதான் சார். கேட்டு வருகிறவர்களுக்கு இதைக் கொடுங்கள். உங்களுக்கு நல்ல கமிஷன்” என்றார். கட்டுரை சொன்னது பாலிஅமைன் உண்டாவதைத் தடுக்கும் பொருளைப் பற்றி. இவர் கொண்டுவந்தது பாலிஅமைனையே. தட்டில் பியூட்ரெசின் கிடைத்த பூஞ்சாணம் என்ன செய்தது என்பதை மேலே எழுதியிருக்கிறேன். துரு பிடித்த மல்லாட்டைக்கு மருந்து என்று சொல்லி அதை எப்படி விற்பேன்? பாட்டிலை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். ஆனால் இந்த மாவட்டத்தில் கடை ஒன்றா இரண்டா? எங்காவது ஒரு கடையில் அது விற்றிருக்கும். தாங்கள் வெளியிட்ட அரைப்பக்கம் யாருக்கு உதவியிருக்கிறது, பாருங்கள்.

இனி பீன்ஸ் துரு. அதே 1985-இல் ராஜம், வைன்ஸ்டைன், கால்ஸ்டன் மூவரும் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் இதை வெளியிட்டார்கள். பசுமைக்குடிலில் வளர்த்த இளம் பீன்ஸ் கன்றுகள். இலையில் துருப் பூஞ்சாணத்தின் வித்துகளைப் போட்டு, அதற்கு முன்போ பின்போ டி.எஃப்.எம்.ஓ.வைத் தெளித்தார்கள். 0.5 மில்லிமோலாரும் அதற்கு மேலும் தெளித்த கன்றுகளில் துரு அறவே வரவில்லை. அதற்குக் குறைந்த அளவுகளில், வித்து விழுந்த பிறகு தெளித்ததே அதிகம் பலித்தது. தெளிக்காத பகுதிகளுக்கும் பாதுகாப்பு கிடைத்தது. மருந்து செடிக்குள் பரவியிருக்கலாம், அல்லது தெளித்ததால் செடிக்குள் ஏதோ ஒரு காப்பு உண்டாகியிருக்கலாம். இது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. பயிரை விட்டுவிட்டுப் பூஞ்சாணத்தின் ஒரே ஒரு நொதியை மட்டும் குறிவைத்து நோயைத் தடுக்கலாம் என்று காட்டியது. ஆனால் மழை கிடையாது, காற்று கிடையாது, எதிர்வெயில் கிடையாது, பக்கத்துக் கொல்லையிலிருந்து நாளும் புதிதாக வந்து விழுகிற துரு வித்தும் கிடையாது. மேலும் பீன்ஸ் துரு யூரோமைசிஸ் என்ற பேரினம்; மல்லாட்டைத் துரு பக்சினியா. இரண்டும் விரலில் ஒரே நிறப் பொடியாக ஒட்டும் என்பதால் ஒன்றாகிவிடாது.

கால்ஸ்டனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. இளைஞராக இருந்தபோது, சோயா மொச்சையைச் சீக்கிரம் பூக்க வைக்க ஒரு வேதிப்பொருளை ஆராய்ந்தவர் அவர். அளவு மிஞ்சினால் இலைகள் உதிர்ந்துவிடும் என்பதையும் தன் ஆய்வேட்டில் எழுதியிருந்தார். இலை உதிர்க்கும் பொருள்களைப் படைக்குப் பயன்படுத்தத் தேடியவர்கள் அந்த ஆய்வையும் எடுத்துக்கொண்டார்கள். வியட்நாம் காடுகளில் ‘ஏஜென்ட் ஆரஞ்ச்’ என்ற களைக்கொல்லி கொட்டப்பட்டபோது அதை நிறுத்தச் சொல்லிப் போராடிய அறிவியலாளர்களில் முன்வரிசையில் நின்றவர் அவர்தான். 1971-இல் அந்தத் தெளிப்பு நின்றது. அப்படிப்பட்டவரின் ஆய்வகத்திலிருந்து, பயிரைத் தொடாமல் பூஞ்சாணத்தை மட்டும் நிறுத்துகிற முயற்சி வந்ததில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. முப்பது வருடமாக மருந்து விற்றுச் சாப்பிடுகிறவனுக்கு இந்த மாதிரி மனிதர்கள்மேல் மரியாதை வருவதில் அதிசயம் இல்லை.

‘பயிருக்குத் துளியும் தீங்கில்லை’ என்ற வரிக்கும் ஒரு திருத்தம் வேண்டும். எல்லாப் பயிரும் எல்லா நேரத்திலும் அர்ஜினைன் வழியை மட்டும் நம்பி இருப்பதில்லை. அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் செடியில் ஆர்னிதைன் வழியே கிடையாது. அதற்குக் கவலை இல்லை. தக்காளியில் பிஞ்சு பிடிக்கும் நேரத்தில், செல்கள் மளமளவென்று பிரியும்போது, ஆர்னிதைன் வழிக்கும் பங்கு உண்டு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குடியாத்தம் பக்கம் தக்காளி போட்டவர் பூவும் பிஞ்சுமாக நிற்கும்போது இந்தப் பாலத்தை அடைத்தால் என்ன ஆகும் என்பதைச் சோதிக்காமல் ‘துளியும்’ என்று எழுதலாமா?

இப்போது, மூடி மறைத்த கதை. மறைக்கவில்லை, ஐயா. நாற்பது ஆண்டுகளாக அந்தக் கட்டுரைகள் எல்லோரும் படிக்கக் கிடக்கின்றன. ஸ்காட்லாந்தில் டேல் வால்டர்ஸ் என்பவர் பார்லி சாம்பல் நோய் உள்ளிட்ட பலவற்றில் இதே வழியில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார். சந்தைக்கு வராத காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். நான் தேடினேன். அது என்னை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனது.

டி.எஃப்.எம்.ஓ.வுக்கு மருத்துவத்தில் எஃப்ளோர்னிதைன் என்று பெயர். ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு மருந்தாக 1990-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அந்த நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணிக்கும் ஆர்னிதைன் நொதி இன்றியமையாதது. நினைவிழந்து கிடந்தவர்களை எழுப்பி உட்கார வைத்த மருந்து. ஆனால் நோயாளிகள் ஏழைகள். விற்று லாபம் இல்லை. 1990-களின் நடுவில் உற்பத்தி நின்றுபோனது. பிறகு பெண்களின் முகத்தில் வளரும் வேண்டாத முடியைக் குறைக்கும் களிம்பாக அதே பொருள் 2000-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. முகக் களிம்புக்கு வழி இருக்கிறது, உயிர் மருந்துக்கு இல்லையா என்று உலகம் கேட்ட பிறகுதான், 2001-இல் உலக சுகாதார நிறுவனத்தோடு ஒப்பந்தமாகித் தூக்க நோயாளிகளுக்கு இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. சதி என்று எழுத வேண்டுமானால் இதை எழுதியிருக்கலாம். இது பெட்டிச் செய்திக்குத் தகுதியானது.

இனி கணக்கு. தூக்க நோய்க்கு இதைத் தனி மருந்தாக நரம்பில் ஏற்றியபோது, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வீதம் 14 நாள் கொடுத்தார்கள். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு 20 கிராம். இப்போது வயலுக்கு வாருங்கள். 0.5 மில்லிமோலார் என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 91 மில்லிகிராம். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் 18 கிராம் சொச்சம். அதாவது, ஒரு ஏக்கருக்கு ஒரு முறை தெளிக்கிற மருந்து, ஒரு தூக்க நோயாளிக்கு ஒரு நாள் ஏற்றுகிற மருந்துக்குக் கிட்டத்தட்டச் சமம். எடையில் பார்த்தால் 18 கிராம் அற்பம். மேன்கோசெப் என்ற பூஞ்சாண மருந்தை ஏக்கருக்கு 400 கிராம் கொட்டுகிறோம். விலையில் பார்த்தால்? நோயாளிகளுக்கே செய்து கட்டுப்படி ஆகவில்லை என்று நிறுத்திய பொருளை, கிலோ மல்லாட்டைக்கு என்ன விலை கிடைக்கும் என்று ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் காத்துக்கிடக்கிற மனிதர் எதை அடகு வைத்து வாங்குவார்? ஒரு முறை தெளித்தால் தீரும் நோயும் அல்ல துரு.

இந்தியாவில் இதைப் பயிர் மருந்தாகப் பதிவு செய்யவும் இல்லை. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, பதிவு பெறாததை நான் விற்றால் உரிமம் போய்விடும். “இருந்தும் கொடுக்க மாட்டேன் என்கிறார்” என்று பேசுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும்.

ராஜம் அதோடு விட்டுவிடவில்லை. நாடு திரும்பி டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவருடைய குழுவினர், மருந்து தெளிப்பதற்குப் பதிலாக, பூஞ்சாணத்தின் ஆர்னிதைன் நொதிக்குரிய மரபணுவைச் செயலிழக்கச் செய்கிற ஆர்.என்.ஏ. துணுக்கைத் தக்காளிச் செடியே உண்டாக்கும்படி செய்து, வாடல் நோய்க்கு எதிர்ப்பைக் காட்டியிருக்கிறார்கள். விலைப் பிரச்சினைக்கு இது ஒரு பதில்தான். ஆனால் அது மரபணு மாற்றப் பயிர். பூச்சி தாக்காதபடி மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்கு 2010-இல் போட்ட தடையே இன்னும் நீங்கவில்லை. இலவம்பாடி முள் கத்தரிக்குப் புவிசார் குறியீடு வாங்கிய பெருமையோடு இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களிடம் போய் இந்தப் பேச்சை எடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆசிரியர் அவர்களே, இவ்வளவையும் சொல்லிவிட்டு ‘அந்த ஆய்வால் நமக்குப் பயன் இல்லை’ என்று முடிக்க நான் எழுதவில்லை. பயன் உண்டு, அது பாட்டிலில் இல்லை. பூஞ்சாணத்தைக் கொல்வது வேறு, வளரவிடாமல் நிறுத்துவது வேறு என்று அந்த ஆய்வு காட்டுகிறது. இந்த வேறுபாடு தெரியாததால் என் கடையில் நடக்கிற கூத்தைச் சொல்கிறேன்.

வேலிடாமைசின் என்று ஒரு மருந்து இருக்கிறது. ஜப்பானில் 1970-களின் தொடக்கத்திலேயே நெல் இலையுறை கருகலுக்காகப் புழக்கத்துக்கு வந்தது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைப்பது. ரைசோக்டோனியா தன் இழைகளின் நுனிக்குச் சத்து அனுப்ப டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைப் பயன்படுத்துகிறது. அதை உடைக்கிற நொதியை இந்த மருந்து தடுக்கிறது. பூஞ்சாணம் சாகாது. நுனி முன்னேறாமல், தாறுமாறாகக் கிளைத்துக்கொண்டு அங்கேயே நிற்கும். டி.எஃப்.எம்.ஓ.வும் இதுவும் வேறு வேறு நொதியைத் தொட்டாலும் ஒரே குணம் கொண்டவை. அதாவது தங்கள் கட்டுரை ஏங்குகிற வகை மருந்து ஒன்று, பதிவு பெற்று, கட்டுப்படியாகும் விலையில், என் கடை அலமாரியில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

அதை வாங்கிப் போனவர்கள் ஒரு வாரத்தில் திரும்பி வந்து சண்டை போடுகிறார்கள். “கருகின இடம் அப்படியே இருக்கிறதே, அண்ணா. கலப்பட மருந்தா?” கருகின இலையுறை பச்சையாகாது, தம்பி; மேலே ஏறாமல் நிற்கிறதா என்று பாருங்கள், கதிரை ஒட்டிய கண்ணாடி இலையைத் தொட்டதா என்று பாருங்கள் என்று சொன்னால் காதில் ஏறுவதில்லை. அடுத்த கடைக்குப் போய், ‘நல்ல காரமான’ மருந்தாக வாங்கி, கூடவே யூரியாவும் கலந்து அடித்துவிடுகிறார்கள். யூரியா ஏற ஏறப் பயிர் அடர்ந்து, காற்றோட்டம் போய், கருகல் இன்னும் வேகமாக ஏறும். கார்பெண்டாசிம் ஒரு காலத்தில் எல்லாவற்றுக்கும் கைகண்ட மருந்தாக இருந்தது. அதுவும் பூஞ்சாணத்தின் ஒரே ஒரு புரதத்தைக் குறிவைப்பதுதான். அந்தப் புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினாலே போதும், மருந்து பிடிக்காமல் போகும்; உலகில் பல இடங்களில் அப்படித்தான் போனது. ஒற்றைக் குறி வைக்கிற எந்த மருந்துக்கும் இந்த அபாயம் காத்திருக்கிறது, தங்கள் அதிசய மருந்து உட்பட. ஆகவே அத்தகைய மருந்தைத் தொடர்ந்து அடிக்கக் கூடாது, மாற்றி மாற்றி அடிக்க வேண்டும், நோய் கீழே இருக்கும்போதே அடிக்க வேண்டும். இதை ஒரு வேளாண் பக்கம் சொல்லாமல் வேறு யார் சொல்வது? நான் சொன்னால் அடுத்த பாட்டிலை விற்கத்தான் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். அப்படி நினைப்பதில் அவர்கள்மேல் குற்றமும் இல்லை. எங்கள் தொழில் அப்படி.

எனக்கு மூன்று கோரிக்கைகள். முதலாவது, தாங்கள் மருந்தைப் பற்றி எழுதும்போதெல்லாம், அது பூஞ்சாணத்தில் எதை நிறுத்துகிறது, தெளித்த பிறகு கண்ணுக்கு எப்படித் தெரியும் என்ற இரண்டையும் ஒரு வரியிலாவது போடுங்கள். டப்பாவில் உள்ள துண்டுச் சீட்டில் இது இருப்பதில்லை; இருந்தாலும் அந்த எழுத்தைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும்.

இரண்டாவது, விரிஞ்சிபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. என் கடையிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். எங்கள் பக்கத்து வயல்களிலிருந்து ரைசோக்டோனியாவை எடுத்து, தட்டில் வளர்த்து, இந்தத் தடுப்பான்களுக்கும் நாங்கள் இப்போது விற்கிற மருந்துகளுக்கும் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க ஏக்கர் கணக்கில் மருந்து வேண்டாம், மில்லிகிராம் போதும். 1985-இல் நான்கு பூஞ்சாணங்கள் நான்கு விதமாக நடந்துகொண்டன என்றால், பாலாற்றங்கரைப் பூஞ்சாணம் எந்த விதம் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? தங்கள் செய்தியாளர் ஒருவர் போய் அங்குள்ள நோயியல் அறிஞர்களிடம் இதைக் கேட்டு எழுதினால், எங்கோ உள்ள பீன்ஸ் இலையைவிட எங்களுக்குப் பயன்படும்.

மூன்றாவது, அவசரமானது. சம்பாவுக்குச் சேடை ஓட்டுகிற (தண்ணீர் கட்டி வயலைச் சேறாக்குகிற) காலம் வரப்போகிறது. இலையுறை கருகல் பூஞ்சாணம் பழுப்பு நிற முடிச்சுகளாக மண்ணில் கிடந்து, சேடை ஓட்டும்போது தண்ணீரில் மிதந்து, நட்ட பயிரின் அடியில் ஒட்டிக்கொண்டு தொடங்கும். சேடைத் தண்ணீரின் மூலையில் காற்று ஒதுக்கிய நுரையோடும் குப்பையோடும் சேர்ந்திருக்கும் அதை வழித்தெடுத்து வரப்புக்கு வெளியே போடுவதற்குச் செலவு கிடையாது. வரப்பில் உள்ள புல்லைச் செதுக்க வேண்டும், ஏனென்றால் அதிலும் இந்தப் பூஞ்சாணம் தங்கும். ஹெக்டேருக்கு 150 கிலோ வேப்பம் புண்ணாக்கு போடவும், விதைக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவைக் கலக்கவும் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. இதை அதே அரைப்பக்கத்தில், அதே பெரிய எழுத்தில், நாற்று விடுவதற்குள் போடுங்கள். படம் வேண்டுமானால் சொல்லுங்கள். கருகல் பிடித்த தூர் ஒன்றை என் கொல்லையிலிருந்தே பிடுங்கி அனுப்புகிறேன், கடைக்காரன் வயல் மட்டும் விதிவிலக்கு அல்ல.

அந்த டானிக் பாட்டிலைப் பற்றி வேளாண்மை அலுவலகத்துக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அதன் நகல் இத்துடன் உள்ளது. அதை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
உரம் மற்றும் பயிர் மருந்துக் கடை உரிமையாளர்,
பள்ளிகொண்டா, வேலூர் மாவட்டம்.